வட்டுவாகல் உள்ளான்கள் இவ்வளவு தூரம் எப்படிப் பறக்கின்றன?

களப்படியான்:
வணக்கம். நான் முல்லைத்தீவுப் பக்கம். ஆவணி, புரட்டாதியில் நந்திக்கடல் களப்பு வற்றத் தொடங்கினால் வட்டுவாகல் பாலத்தடிச் சேற்றில் உள்ளான்கள், சேற்றில் இரை தேடுகிற சின்னப் பறவைகள், கூட்டங்கூட்டமாக இறங்கிவிடும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சாமான், ஆனால் வடதுருவத்துப் பக்கம், சைபீரியாவில் இருந்து வருகிறதாம். வழியில் சாப்பாடு தண்ணிக்கு என்ன செய்யும்? காற்றுத்தான் தூக்கிக்கொண்டு வருகிறது என்பது அப்பாவின் முடிவு. எனக்கென்னவோ அது மட்டும் போதாது என்று படுகிறது.

மன்னார்_பறவை:
அப்பா சொல்வதிலும் உண்மை இருக்கிறது, பின்காற்றுப் பார்த்துத்தான் கிளம்பும். ஆனால் முக்கிய விசயம் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாச்சத்தில் 4தான். அதோடு கொழுப்பு எரியும்போது உடம்புக்குள்ளேயே தண்ணீரும் உண்டாகிறது, அதனால் குடிக்காமலும் கனதூரம் தாக்குப்பிடிக்கும். திரும்ப வடக்கே கிளம்ப முன்னர், பங்குனி மட்டில் இங்கே இரவும் பகலும் தின்பது இதற்குத்தான். மூக்கு நுனியில் நுண்ணிய உணர்வுக் குழிகள் இருப்பதால் கலங்கல் சேற்றுக்குள், இருட்டிலும்கூட, புழு எங்கே என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். நெடுந்தூரம் ஒரே மூச்சில் பறக்கிற இனங்களில், கிளம்புவதற்குச் சற்று முன்னர் குடல், ஈரல், இரையை அரைக்கிற தசைப்பை எல்லாம் சுருங்கிவிடும், நெஞ்சுத் தசையும் இதயமும் பெருக்கும். தூரப் பயணம் போகிறவன் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டா போவான்? போய் இறங்கிய பிறகு திரும்ப வளர்த்துக்கொள்ளும்.

பூநகரியான்:
மேலே சொன்னது சரி, ஆனால் எல்லாம் நிற்காமல் பறக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 2022இல் பட்டைவால் மூக்கன் என்கிற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவில் இருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றரை 11 நாளில், எங்கேயும் இறங்காமல் பறந்தது, அதுவும் அந்த வருசம்தான் பொரித்த குஞ்சு. கீழே முழுக்கப் பசிபிக் கடல், வாத்து மாதிரித் தண்ணீரில் மிதந்து இளைப்பாறவும் இதுக்குத் தெரியாது, வேறு வழியில்லை. எங்களிடம் வருபவை மத்திய ஆசிய வழியால் வருகின்றன. பெரும்பகுதி தரை. இடையில் ஏரி, சதுப்பு கண்ட இடத்தில் இறங்கித் தின்று, திரும்பக் கொழுப்பு ஏற்றிக்கொண்டு போகும். அதனால்தான் இடையில் ஒரு சதுப்பு மூடப்பட்டாலும் அதுகளுக்குப் பெரிய அடி.

களப்படியான்:
நன்றி அண்ணை. அப்போ வழி? தாய் தகப்பன் கூட்டிக்கொண்டு வருமா?

மன்னார்_பறவை:
இல்லைத் தம்பி. வளைமூக்கு உள்ளான் மாதிரிப் பல இனங்களில் பெரியவை முதலே கிளம்பிவிடும், குஞ்சுகள் பிறகு தாங்களாகவே வரும். திசை பிறப்போடு வந்தது. சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாவிக்கின்றன. காந்தப்புலத்தை எப்படி உணர்கின்றன என்பதில் ஆராய்ச்சிக்காரர்களுக்குள்ளேயே இன்னும் இழுபறி.

பூநகரியான்:
ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பெடியன்கள் வீடியோ எடுக்க என்று சேற்றுவெளியில் மோட்டார் சைக்கிள் விட்டுக் கூட்டத்தைக் கலைக்கிறார்கள். ஒருதரம் எழும்பினால் தின்கிற நேரமும் போச்சு, சேர்த்த கொழுப்பும் போச்சு. பங்குனியில் இதைச் செய்தால் அது கிளம்புகிற நாள்தான் பிந்தும்.

களப்படியான்:
இங்கே நாய்களும் துரத்துகின்றன. சரி, கிளம்பத் தயாராகிவிட்டது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

மன்னார்_பறவை:
முடியும். பங்குனிக் கடைசி, சித்திரை முதல் கிழமைகளில் வெயில் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நின்று வளைமூக்கு உள்ளானைப் பாருங்கள். மாரியில் சாம்பலும் வெள்ளையுமாகக் கிடந்தது நெஞ்சும் வயிறும் செங்கல் நிறமாக மாறியிருக்கும், வயிறும் தள்ளி நிற்கும். சாம்பலாகவே மெலிந்து நிற்பவை பெரும்பாலும் முதல் வருசக் குஞ்சுகள், அதுகளில் கொஞ்சம் அந்த வருசம் போகாமல் இங்கேயே தங்கிவிடும்.