மறு: தரப்படுத்திய மழையா?

> வறட்சியை அளக்கும் Standardized Precipitation Index என்ற எண்ணுக்குத் தமிழில் 'தரப்படுத்திய மழைப்பொழிவுக் குறியீடு' என்றே வைத்துவிடலாம். மறுப்பு இல்லையே?

ஐயா, எனக்கு மறுப்பு உண்டு. மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் என் வகுப்பில் இதைச் சொன்னதும், "மழையிலும் முதல் தரம், இரண்டாம் தரம் இருக்கிறதா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். இங்கே வீட்டுமொழி கிரியோல். வறட்சி அவர்களுக்குச் 'செஸ்ரெஸ்'. தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பார்த்துத்தான் பொருள் கொள்கிறார்கள். ஈழத்து நண்பர்களுக்கோ 'தரப்படுத்தல்' என்றாலே 1970களில் மாணவர் மதிப்பெண்களை மாற்றிக் கணக்கிட்ட பல்கலைக்கழக அனுமதி முறைதான் நினைவுக்கு வரும். புள்ளியியலில் 'திட்ட விலக்கம்' (standard deviation) இருக்கிறதே என்று 'திட்ட மழை' என்றால், அரசு மழைக்கு ஏதோ திட்டம் போட்டதுபோல் ஆகிவிடும்.

மொரீஷியஸையே பாருங்கள். நடு மேட்டுநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 4000 மி.மீ. மழை, மேற்குக் கரையில் 900 மி.மீ. அளவுதான். 300 மி.மீ. குறைந்தால் மேட்டில் அது பெரிதாகத் தெரியாது; கரையிலோ மூன்றில் ஒரு பங்கு மழை போய்விட்டது. 1993இல் மெக்கீ, டோஸ்கன், கிளைஸ்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கொண்டுவந்த இந்த எண், மழையை அந்தந்த ஊரின் பல்லாண்டுப் பதிவோடுதான் ஒப்பிடுகிறது. 0 என்றால் வழக்கம்போல. −1ஐத் தொட்டால் மிதமான வறட்சி, −1.5இல் கடுமை, −2இல் மிகக் கடுமை. ஆகவே என் சொல்: 'வழமைசார் மழைச் சுட்டெண்'.

---

தம்பி, 'வழமை' சராசரியை மட்டும்தானே சொல்கிறது? மழை ஆண்டுக்காண்டு எவ்வளவு ஏறி இறங்கும் என்பதையும் இந்தக் கணக்கு பார்க்கிறதே.

---

ஏறி இறங்குவதும் அந்த ஊரின் வழமைதானே ஐயா!

---

சரி, ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 'வழக்கம்' என்றுதான் அதிகம் சொல்வோம். ஆனால் 'வழக்குசார்' என்று போட்டால் கோர்ட்டுக்குப் போய்விடும். 'சுட்டெண்'ணும் இருக்கட்டும், 'குறியீடு' வேறு இடத்துக்கு வேண்டும். எத்தனை மாத மழையைக் கூட்டிப் பார்க்கிறோம் என்ற கால அளவை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: பயிருக்கு '3 மாத', மார் ஒ வக்வா போன்ற நீர்த்தேக்கத்துக்கு '12 மாத'.

அப்புறம், 2010இல் வந்த இன்னொரு சுட்டெண் மழையிலிருந்து ஆவியாகக்கூடிய நீரைக் கழித்துவிட்டுக் கணக்கிடுகிறது. அதற்கு 'வழமைசார் நீர்மிச்சச் சுட்டெண்' என்றால் உங்கள் பிள்ளைகளுக்குப் புரிகிறதா, கேட்டுச் சொல்லுங்கள்.