தென்னாப்பிரிக்கா தன் ஆறு அணுகுண்டுகளைப் பிரித்துப் போட்டது ஏமாளித்தனமா?

சாட்ஸ்வர்த் செல்வம்:
உக்ரைன் 1994-ல் புடாபெஸ்டில் கையெழுத்துப் போட்டு, தன் மண்ணில் இருந்த சோவியத் அணு ஆயுதங்களைக் கொடுத்துவிட்டது. என்ன ஆச்சு? லிபியா 2003-ல் அணு ஆயுதத் திட்டத்தை மூட்டை கட்டியது. 2011-ல் அதை ஆண்ட கடாபி கதை முடிந்தது. வட கொரியா 2006-ல் வெடித்துக் காட்டியது, அதன்மேல் யாரும் படையெடுக்கவில்லை. நாம் கையில் இருந்த ஆறையும் பிரித்துப் போட்டோம். ஏமாளித்தனம்.

லாடியம் அக்கா:
தம்பி, அந்த ஆறும் யாரை மிரட்ட? அங்கோலாவில் கியூபப் படை நின்றதுதான் சாக்கு. 1988 ஒப்பந்தத்தோடு அதுவும் போயிற்று. அப்புறம் வெள்ளையர் ஆட்சியின் கடைசி அதிபர் டி கிளார்க் பிரிக்கச் சொன்னார், 1991-ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். குண்டு இருந்ததை ஊருக்குச் சொன்னதே 1993 மார்ச்சில்தான்!

சாட்ஸ்வர்த் செல்வம்:
மனம் திருந்தியா பிரித்தார்? கறுப்பர் ஆட்சியின் கைக்குப் போய்விடக் கூடாதே என்ற கணக்கு, அக்கா.

லாடியம் அக்கா:
இருக்கட்டும். மண்டேலா வந்தும் திரும்பக் கட்டவில்லையே. 1996-ல் ஆப்பிரிக்கா முழுக்க அணு ஆயுதம் வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டு, அதற்கு நம் அணு ஆய்வு வளாகமான பெலின்டாபாவின் பேரையே வைத்தார்கள்.

ரோஸ்ஹில் மூர்த்தி:
முழுக்கவா? எங்கள் மொரிஷியஸ் உரிமை கோரும் சாகோஸ் தீவுகளும் அந்த ஒப்பந்த வரைபடத்தில் உண்டு. அவற்றில் ஒன்றான டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் இருக்கிறது. அந்தத் தீவுகளைச் சேர்த்ததை ஏற்க மாட்டோம் என்று, அவற்றைத் தன் கையில் வைத்திருந்த பிரிட்டன் கையெழுத்துப் போடும்போதே சொல்லிவிட்டது.

ஜோபர்க் பொறியாளர்:
குண்டைப் பிரித்தால் சரக்கு மறைந்துவிடுமா? குண்டுக்குள் இருந்த செறிவூட்டிய யுரேனியம் பெலின்டாபாவிலேயே இருந்தது. 2007 நவம்பரில் ஆயுதங்களோடு சிலர் மின்வேலியைத் தாண்டி உள்ளே புகுந்து, அவசரக் கட்டுப்பாட்டு அறைவரை போய் ஒருவரைச் சுட்டார்கள். யுரேனியத்தை நெருங்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று: 2004-ல் நம் வாண்டர்பைல்பார்க் ஊரில் 11 கன்டெய்னர்கள் பிடிபட்டன. உள்ளே லிபியாவுக்குப் போகவேண்டிய யுரேனியம் செறிவூட்டும் கருவிகள், பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.கியூ. கானின் கள்ளச் சந்தை வலையின் சரக்கு. செல்வம், நீங்கள் அரசுகளை மட்டும் எண்ணுகிறீர்கள். பட்டறையும் பணமும் வைத்திருக்கிற தனியாரை எந்தக் குண்டு காட்டி மிரட்டுவீர்கள்?

சாட்ஸ்வர்த் செல்வம்:
சரி, அந்த யுரேனியத்தை யாரிடம் கொடுப்பது? அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமா கேட்டும் நம் அரசு கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் குண்டு வைத்திருக்கிறவன் கேட்டதும் நீட்டிவிட வேண்டுமா? இந்த ஒரு விஷயத்தில் அப்போது நம் அதிபராக இருந்த ஜூமா செய்தது சரி.

லாடியம் அக்கா:
ஹார்ட்பீஸ்போர்ட் அணைக்கு மீன் பிடிக்கப் போகிற வழியில்தான் அந்த வளாகம். கொடுக்காவிட்டால் போகட்டும், வேலியையாவது ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள்.