டான் கமில்லோ: உங்களை இன்னும் விடாத பக்கம் எது?

மணக்குடிக்காரன்

நானே தொடங்கிவைக்கிறேன். இத்தாலிய எழுத்தாளர் குவரெஸ்கியின் டான் கமில்லோ கதைகளில் முதல் புத்தகத்தை எங்கள் பங்குச் சாமியாரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. “இத்தாலிச் சாமியாரும் கம்யூனிஸ்ட் மேயரும் அடித்துக்கொள்கிற கதை சாமி, வேடிக்கையாக இருக்கும்” என்று சொல்லித்தான் கொடுத்தேன். மூன்று வாரம் ஒரு பேச்சும் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சொன்ன பாவங்களில் ஒன்று அவரைப் பற்றியதே. திருவிழாப் பணத்தில் அவர் கைவைத்துவிட்டார் என்று டீக்கடையில் கிளப்பிவிட்டது நான்தான். பந்தல்காரரின் ரசீது பிறகுதான் வெளியே வந்தது. அவர் ஒன்றுமே சொல்லவில்லை. பாவமன்னிப்புக் கொடுத்து, பரிகாரமாகப் பத்து அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். பீடத்துக்கு முன் முழந்தாளிட்டு ஏழாவதோ எட்டாவதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் அங்கி உரசும் சத்தம். அடுத்த நொடி இடுப்புக்குக் கீழே ஒரு தட்டு. வலி இல்லை. செருப்பின் நுனி என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், அவர் பாட்டுக்கு மெழுகுதிரித் தண்டை நேராக்கிக்கொண்டிருக்கிறார்.

முதல் கதையைப் படித்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. தன்னை அடித்ததாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன மேயர் பெப்போனேயை, கைகள் ஆசீர் அளிக்கப் படைக்கப்பட்டவை, கால்கள் அப்படியல்லவே என்று சிலுவையில் இருக்கும் இயேசுவிடம் வாதாடி, சாமியார் டான் கமில்லோ ஒரே ஓர் உதை உதைக்க அனுமதி வாங்குவாரே, அதேதான். வாங்கிக்கொண்ட பெப்போனேயாவது நிம்மதியாக மூச்சு விடுவான். எனக்கு அதுவும் இல்லை. உதைத்தாரா, கால் இடறியதா? மே மாதம் மாற்றலாகிப் போய்விட்டார். புத்தகமும் அவரோடு போயிற்று. கேட்கத் துணிவு வரவில்லை.

உங்களுக்கு எந்தப் பக்கம்?

வெறுஞ்சிலுவை

நான் சி.எஸ்.ஐ. சபை. கல்லூரி விடுதியில் அறைத்தோழனின் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். நாற்பது பக்கம் வரை இயேசு எங்கிருந்து பேசுகிறார் என்றே பிடிபடவில்லை. எங்கள் ஆலயத்தில் சிலுவை வெறும் சிலுவை, அதில் ஆள் இருக்கமாட்டார். இரண்டு மரக்கட்டைகள் பேசுவதாகவே கற்பனை செய்துகொண்டிருந்தேன். சொன்னால் அறைத்தோழன் உருண்டு உருண்டு சிரித்தான்.

ஒரு ஞாயிறு மதியம் அவனே தன் கோவிலுக்கு அழைத்துப்போனான். உள்ளே ஒருவரும் இல்லை. சிலுவையில் இயேசுவின் பெரிய பாடுபட்ட சுரூபம், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண்கள் பாதி திறந்தபடி. “இவர்தான் பேசுகிறவர்” என்றான். நான் அண்ணாந்து பார்த்த அதே கணத்தில் மேலிருந்து “ஹலோ” என்று ஒரு குரல். பாடற்குழு மாடத்தில் யாரோ மைக்கைச் சரிபார்த்திருக்கிறார்கள். நான் வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் நின்றேன். இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் அந்த இயேசு வாய் திறக்கும் இடமெல்லாம் எனக்கு அந்த “ஹலோ”தான் கேட்கிறது.

ஆண்டவரை நகைச்சுவைப் பாத்திரம் ஆக்கலாமா என்று அம்மா கோபித்துக்கொண்டார். அதற்குக் குவரெஸ்கியே முன்னுரையில் பதில் வைத்திருக்கிறார். சாமியார்களுக்குக் கோபம் என்றால் இருப்பதிலேயே பெரிய மெழுகுதிரியை என் தலையில் உடையுங்கள். கம்யூனிஸ்டுகளுக்குக் கோபம் என்றால் கம்பை என் முதுகில் உடையுங்கள். பேசுகிற இயேசுவால் மனம் புண்பட்டால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை, அவர் என் இயேசு, என் மனச்சாட்சியின் குரல் என்கிறார். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “மனச்சாட்சிக்கு எதற்கு இவ்வளவு கிண்டல்?” என்றார்.

சிவப்புத் துண்டு

எல்லோரும் வேடிக்கை வேடிக்கை என்கிறீர்கள். 1948 ஏப்ரலில் இத்தாலியில் நடந்த தேர்தலில் இந்தக் குவரெஸ்கி என்ன செய்தார் தெரியுமா? வாக்குச்சாவடி மறைவில் கடவுள் உன்னைப் பார்க்கிறார், ஸ்டாலின் பார்க்கவில்லை என்ற முழக்கம் இவர் கைச்சரக்கு. பெப்போனே நல்லவனாக இருப்பதெல்லாம் கட்சியை மறக்கிற நேரத்தில் மட்டுமே என்பதைக் கவனித்துப் படியுங்கள். சூழ்ச்சி அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் கதையையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கிளை அலுவலகத்தில் வயதான தோழர் ஒருவர், நெசவுத் தொழிலாளி. ஆங்கிலம் தெரியாது. மாலைத் தேநீர் வேளையில் நான் வாய்மொழியாகத் தமிழாக்கிச் சொல்வேன். எதிரி என்ன சொல்கிறான் என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா, அதற்காக. கிழட்டு ஆசிரியை சாகும்போது தன் சவப்பெட்டியின் மேல் பழைய அரசக் கொடியைப் போர்த்தச் சொல்கிறாளே, அந்த இடம் வந்தது. அரசர் ஆட்சி ஒழிந்துவிட்டது. நகர மன்றத்தில் எல்லாக் கட்சியும் கூடாது என்கிறது. மேயர் என்ற முறையில் நானும் உங்கள் பக்கம், ஆனால் இந்த ஊரில் அதிகாரம் கம்யூனிஸ்டுகளுடையது, அவர்களின் தலைவனாகச் சொல்கிறேன், கொடி போகும் என்கிறான் பெப்போனே.

தோழர் தம்ளரைக் கீழே வைத்தார். “போர்த்தினானா?” என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “போர்த்திவிட்டானா?”

மணக்குடிக்காரருக்கு: ரசீதைப் பார்க்காமல் பணத்தைப் பற்றிப் பேசியதற்கு எங்கள் அமைப்பில் ஒரு தட்டோடு விடமாட்டோம்.

பழைய மெய்ப்பாளன்

சிவப்புத் துண்டு ஐயா பாதியைத்தான் சொன்னார். அதே குவரெஸ்கி 1954இல் கத்தோலிக்கர்களின் கட்சித் தலைவரான டி காஸ்பெரியைப் பற்றிக் கடிதங்கள் வெளியிட்டு, அவதூறு வழக்கில் தோற்று, மேல்முறையீடும் செய்யாமல் பார்மா சிறையில் 409 நாள் இருந்தவர். அதற்கும் முன்னே 1943 முதல் 1945 வரை ஜெர்மானியர்களின் முகாம்களில் கிடந்தவர். ஒரு கட்சிக்கு மட்டும் எதிரி என்று அவரைச் சுருக்கிவிட முடியாது.

எனக்குப் பிடித்தது முன்னுரைதான். 1946 கிறிஸ்துமஸுக்கு முன் அச்சுக்குப் போக வேண்டிய அவசரம். அவருடைய ‘கான்டிடோ’ வார இதழில் ஓர் இடம் காலியாக நிற்கிறது. வேறொரு பத்திரிகைக்கென்று எழுதி வைத்திருந்ததைப் பிடுங்கி அங்கே போட்டுவிடுகிறார். அதுதான் டான் கமில்லோவின் முதல் கதை. நான் முப்பது ஆண்டுகள் வார இதழில் இருந்தவன். காலி இடத்தை நாங்கள் ‘உங்களுக்குத் தெரியுமா’ போட்டுத்தான் நிரப்பினோம்.

விடாத பக்கம் வேறு. பெப்போனே ஒட்டிய அறிக்கை முழுக்க எழுத்துப் பிழை. டான் கமில்லோ அதன் மேல் ‘கழுதை’ என்று எழுதிவைக்கிறார். படிக்க வசதி இல்லாமல் போனவனைக் கேலி செய்யாதே என்று இயேசு கண்டிக்கிறார். எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோத்த பையன் ஒருவன் ஒற்றெழுத்துகளை விழுங்கிவிடுவான். ஒருநாள் மெய்ப்பின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘க், ச், த், ப் நான்கும் உன் வீட்டில் இல்லையா?’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் அந்தத் தாள் திரும்பி வந்தது. என் கேள்வியின் கீழே அவன் எழுத்தில்: ‘இல்லை ஐயா’. அதில் ஒற்றுப்பிழை இல்லை. வரும் இடமும் இல்லை. இன்றுவரை அது பணிவா, பதிலடியா என்று தெரியாது.

சட்டம் 984

மணக்குடிக்காரர் அவர்களுக்கு. யாரும் கவனிக்காததால் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை, இரகசியம் வெளியாகும் ஆபத்து சிறிதும் இல்லாதபோதுகூட, பாவம் சொன்னவருக்குப் பாதகமாகக் குரு பயன்படுத்தக் கூடாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 984. உதை பாதகம்தான். ஆகவே உங்கள் சாமியார் உதைத்திருந்தால் குற்றம், இடறியிருந்தால் குற்றமில்லை. டான் கமில்லோவுக்கும் இது பொருந்தும். அவர் மேலிடத்தில் கேட்டுக்கொண்டார் என்பது வாதமாக நிற்காது.

என் அனுபவம் சிறியது. புத்தகத்தை ரயிலில் படித்துச் சிரித்தேன், எதிரே இருந்த அம்மா இடம் மாறி உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தை இரவல் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் பெயர் எழுதினால் போதாது. முதல் பக்கம்தான் முதலில் கிழியும். நூலகங்களில் செய்வதுபோல் உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தின் அடியில் சிறிதாக எழுதுங்கள். நான் 53ஆம் பக்கம் வைத்திருக்கிறேன். தனி நோட்டில் தேதி, வாங்கியவர், தலைப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல். சாமியார், ஆசிரியர், மருத்துவர் மூவருக்கும் இரவலே கூடாது. கேட்க நமக்கு வாய் வராது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு படி வாங்கி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்துவிடுங்கள். அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் தங்கும். பழுப்புத் தாளே நல்லது. இராமபாணப் பூச்சிக்கு உலர்ந்த வேப்பிலை போதும். கடற்கரை ஊர் என்றால் அலமாரியைச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

பார்மாவாசி

நான் இத்தாலியில், பார்மாவில், முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். புத்தகம் படித்ததில்லை, முதலில் படம்தான்: பிரெஞ்சு நடிகர் ஃபெர்னான்டெல் சாமியார், ஜீனோ செர்வி பெப்போனே, 1952இல் வந்தது. என் முதியவர் எத்தனையாவது முறையாகப் பார்க்கிறாரோ, வசனத்தை நடிகர்களுக்கு முன்னால் இவர் சொல்லிவிடுவார். அந்தப் படத்தை வைத்துத்தான் இத்தாலி மொழி கற்றுக்கொண்டேன்.

குளிர்காலத்தில் படம் எடுத்த ஊருக்கு, பிரெஷெல்லோவுக்கு, ஒருநாள் அழைத்துப்போகச் சொன்னார். சதுக்கத்தில் இருவருக்கும் வெண்கலச் சிலை உண்டு; கோவில் பக்கம் சாமியார் கையசைக்கிறார், நகர மன்றத்தின் பக்கம் மேயர் தொப்பியைத் தூக்குகிறார். மூடுபனியில் ஒருவரை மற்றவர் பார்க்க முடியாது. நாங்களும் கிட்டப் போய்த்தான் பார்த்தோம். படத்தில் பேசிய சுரூபம் கோவிலுக்குள் ஒரு பக்கப் பீடத்தில் இருக்கிறது. என் முதியவர் சக்கர நாற்காலியில் அதன் முன் போய், குரலைத் தாழ்த்தாமல், “நீ எனக்குப் பதிலே சொன்னதில்லை, அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு மட்டும் சொல்கிறாய்” என்றார். அவர் வாழ்நாள் முழுவதும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்களித்தவர். மனைவி இறந்த பிறகு கோவிலுக்குள் நுழைந்தது அன்றுதான் என்று மகள் பிற்பாடு சொன்னார்.

போக விரும்புகிறவர்களுக்கு: பார்மாவிலிருந்து சுஸாரா போகும் ரயிலில் ஏறி பிரெஷெல்லோ-வியதானா நிலையத்தில் இறங்குங்கள். ஞாயிறு வேண்டாம். போ ஆற்றின் கரைக்கும் நடந்து போங்கள். ஊர்வலத்துக்கு ஒருவரும் வராமல் டான் கமில்லோ தனியாகச் சிலுவையைச் சுமந்து, ஒரு நாய் மட்டும் பின்தொடர, ஆற்றை ஆசீர்வதிக்கப் போகிற கதை அந்தக் கரையில் நின்றால்தான் விளங்கும். கரை அவ்வளவு உயரம். 1951 நவம்பரில் இந்த ஆறு கீழே பொலெஸினே பகுதியில் செய்த அழிவை என் முதியவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். குவரெஸ்கியின் கல்லறை இங்கே இல்லை, ரொங்கோலே வெர்டி என்ற ஊரில். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முயலாதீர்கள். காலுறை இரண்டு சோடி எடுத்துப்போங்கள்.

அ. லெனின்

என் பெயரைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். பெப்போனே தன் பிள்ளைக்கு லீபெரோ அந்தோனியோ லெனின் என்று பெயர் வைக்கச் சொல்கிறான், ரஷ்யாவுக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொள் என்று சாமியார் துரத்துகிறார், பிறகு இருவரும் அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் கமில்லோ என்ற பெயர் சேர்ந்ததும், லெனினும் இருக்கட்டும், பக்கத்தில் கமில்லோ இருந்தால் அந்த ஆளால் ஒன்றும் ஆகாது என்கிறார் சாமியார்.

என் அப்பா மீனவர் சங்கத்துக்காரர். சாமியாரோ புனிதர் பெயர் இல்லாமல் தண்ணீர் ஊற்றமாட்டேன் என்றார். பாட்டி குறுக்கே வந்து அந்தோணி என்று முடித்துவைத்தாள். பள்ளிக்கூடத்தில் அப்பா அந்தோணியைச் சுருக்கி லெனினை நீட்டிக்கொண்டார். என் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க, அதாவது கோவிலில் திருமண அறிவிப்புச் சொல்ல, ஞானஸ்நானச் சான்று வேண்டும். இரண்டு பெயர் என்று தகராறு வரும் எனப் பயந்தபடி போனேன். புதிய சாமியார் பழைய பதிவேட்டைத் திறந்தார். நீல மையில் ‘அந்தோணி’. அதன் அருகே, கருப்பு மையில், சாய்ந்த சிறிய எழுத்தில் ‘லெனின்’.

யார் எழுதியது? அப்பாவிடம் கேட்டால் தான் இல்லை என்கிறார். அவர் பதிவேட்டைத் தொட வழியும் இல்லை. துரத்திய சாமியார் இறந்து வெகு காலமாகிவிட்டது. இந்தக் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சாமியார் எழுதுவது எப்படி இருக்கும், நேராகவா சாய்வாகவா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

கோவில்பிள்ளை மகள்

முழுவதும் படித்தேன். லெனின் அண்ணன், பழைய திருமணப் பதிவேட்டில் அந்தச் சாமியாரின் கையெழுத்து இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். என் அப்பா நாற்பது ஆண்டுகள் கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளையாக இருந்தவர், இதெல்லாம் எனக்குத் தெரியும்.

மணக்குடி அண்ணனிடம் ஒரு சந்தேகம். நம் பக்கத்தில் பெரும்பாலான சாமியார்கள் பூசை அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பீடத்தருகே வருவார்கள். செருப்பின் நுனி என்கிறீர்கள். அப்படியென்றால் அது நீங்களே கற்பனை செய்துகொண்டது. கதையைப் படித்த மயக்கம்.

மணக்குடிக்காரன்

தங்கச்சி, அங்கேதான் எனக்கும் உறுத்துகிறது. அவர் எங்கள் ஊரில் ஆறு ஆண்டுகள் இருந்தார். வெறுங்காலோடுதான் வருவார். அன்று ஒருநாள் மட்டும் செருப்போடு வந்திருந்தார்.