அறக்கட்டளையின் வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பதிலே வருவதில்லை – உதவி தேவை

மேலூர்ப் படிப்பகம்
அனைவருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை நேரப் படிப்பகம் நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. மாதந்தோறும் நன்கொடையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி வருகிறோம். சில மாதங்களாக யாரிடமிருந்தும் பதில் இல்லை, நன்கொடையும் குறைந்துவிட்டது. பள்ளி திறப்பதற்குள் நோட்டுகளுக்குப் பணம் திரட்டியாக வேண்டும் என்பதால், என்ன கோளாறு என்று தெரிந்தவர்கள் விரைந்து சொல்லவும்.

வைகைக்கரையான்
குழுவில் அனுப்புகிறீர்களா, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகச் சேர்க்கும் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புகிறீர்களா? அனுப்பிய செய்திக்கு ஒரு டிக் வருகிறதா, இரண்டு டிக் வருகிறதா? இவ்விரண்டும் தெரியாமல் எதைச் சொன்னாலும் ஊகமாகவே இருக்கும்.

தெப்பக்குளத்தான்
டிக் எல்லாம் இருக்கட்டும், ஐயா. வாட்ஸ்அப்பில் அறிக்கை படிக்கும் காலம் மலையேறிவிட்டது. பிள்ளைகள் படிப்பதை முப்பது நொடி ரீல்ஸாக எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுங்கள், பணம் தானாக வரும்.

தொழில்நுட்பன்
இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை என்பதால் மீண்டும் சொல்கிறேன். இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான கூகுள் திட்டத்தில் பதிவு செய்தால், ஆட் கிராண்ட்ஸ் மூலம் மாதம் 10,000 டாலர் மதிப்புள்ள தேடல் விளம்பரங்கள் இலவசமாகக் கிடைக்கும். வாட்ஸ்அப்பைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் இதை முதலில் படித்தறிய வேண்டும்.

வைகைக்கரையான்
திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அதற்குச் சொந்த முகவரியில் முறையான இணையதளம் வேண்டும். விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் மாதந்தோறும் 5 விழுக்காட்டினராவது அதைச் சொடுக்க வேண்டும், அது தொடர்ந்து குறைந்தால் கணக்கையே நிறுத்திவைப்பார்கள். மேலும், தேடல் விளம்பரம் தேடி வருகிறவருக்குத்தான் பயன்படும். மேலூர்ப் பக்கத்துப் படிப்பகம் ஒன்றுக்கு நோட்டு வாங்கித் தர வேண்டும் என்று கூகுளில் தேடுகிறவர் யார்? இவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்துவந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடன் தொடர்பு எங்கே அறுந்தது என்பதுதான் கேள்வி.

மேலூர்ப் படிப்பகம்
பிராட்காஸ்ட்தான். ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேராததால் இரண்டு பட்டியல் வைத்திருக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு டிக்தான் வருகிறது. புதிய கைப்பேசி வாங்கிய பிறகுதான் இப்படி. அறிக்கையைப் பிடிஎஃப் கோப்பாகவும், பணம் அனுப்புவதற்கான க்யூஆர் படத்தையும் சேர்த்தே அனுப்புகிறோம்.

வைகைக்கரையான்
கைப்பேசி மட்டும் புதியதா, எண்ணும் புதியதா?

மேலூர்ப் படிப்பகம்
எண்ணும் புதியதுதான். பழைய எண் முந்தைய செயலாளருடைய சொந்த எண். அவர் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார்.

வைகைக்கரையான்
விடை இதில்தான் இருக்கிறது. உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். நீங்கள் அவருடைய எண்ணை வைத்திருந்தால் போதாது, அவரும் உங்களுடையதை வைத்திருக்க வேண்டும். பழைய எண்ணை எல்லோரும் சேமித்திருந்தார்கள். புதிய எண் அவர்களுக்கு முன்பின் தெரியாத எண். செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதியைத் திறந்தால், யார் யாருக்குச் சேர்ந்தது என்ற பெயர்ப்பட்டியல் வரும். நான் சொல்வது சரியா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

முந்தைய செயலாளரிடம் பழைய பட்டியல் இன்னும் இருக்கக்கூடும். அவருடைய எண்ணிலிருந்து, "இனி அறக்கட்டளையின் எண் இது" என்று ஒரு வரி எழுதி, புதிய எண்ணைத் தொடர்பு அட்டையாகவே அனுப்பச் சொல்லுங்கள். வாங்குகிறவர் அதைத் தொட்டுச் சேமித்துக்கொள்வார். இதற்கு மாறாக, எல்லோரையும் கேட்காமல் கொள்ளாமல் ஒரே குழுவில் இழுத்துப் போட்டுவிட வேண்டாம். குழுவில் ஒருவருடைய எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். அது பிடிக்காதவர்கள் புகார் அளித்தால் புதிய எண்ணையே வாட்ஸ்அப் முடக்கிவிடக்கூடும்.

தல்லாகுளம் கணக்காளர்
செய்தி போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். க்யூஆர் குறியைப் படமாக அனுப்புகிறீர்கள். படம் வந்திருப்பது எந்தக் கைப்பேசியோ, அதே கைப்பேசியால் அதை எப்படி ஸ்கேன் செய்வது? படத்தைச் சேமித்து, கட்டணச் செயலிக்குள் போய், கேலரியிலிருந்து எடுக்க வழி உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதையெல்லாம் செய்துகொண்டிருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள். யுபிஐ முகவரியையும் வங்கிக் கணக்கு எண்ணையும் எழுத்தாகவே கொடுத்தால், தொட்டு நகலெடுத்துக்கொள்வார்.

அந்த முகவரி அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு உரியதா, செயலாளரின் சொந்தக் கணக்குக்கு உரியதா? பணம் அனுப்பும் திரையில் தனிமனிதர் பெயர் வந்தால் அங்கேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், நின்றுவிடுவதுதான் நியாயமும்கூட.

நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு இருக்கிறதா? இருந்தால், கொடுப்பவரின் பான் அல்லது ஆதார் எண்ணைப் பணம் வரும்போதே கேட்டு வாங்குங்கள். நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள், யார் எவ்வளவு கொடுத்தார் என்ற விவரத்தை வருமான வரித் துறைக்கு 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, கொடுத்தவர்களுக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அப்போது ஒவ்வொருவராகத் தேடிப்போனால் கிடைக்காது. அதே நேரத்தில், "வரிவிலக்கு உண்டு" என்பதைச் செய்தியின் தலையில் வைக்க வேண்டாம். புதிய வரிமுறையில் இருக்கும் சம்பளக்காரருக்கு 80ஜி சலுகை கிடையாது, அந்த வாசகம் அவரை ஈர்க்காது.

மேலூர்ப் படிப்பகம்
80ஜி இருக்கிறது. முகவரி அறக்கட்டளைக் கணக்குக்கு உரியதுதான். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் பெரிய தொகை தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

தல்லாகுளம் கணக்காளர்
அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாகவே இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், பிறந்தது மேலூராகவே இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. அனுமதி பெற்றாலும் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்கில்தான் வாங்க வேண்டும்.

தெப்பக்குளத்தான்
எல்லோரும் சட்டப் புத்தகத்தைத் திறந்துவிட்டீர்கள். நோட்டு வாங்கும் பிள்ளையின் முகத்தில் தெரியும் சிரிப்பைப் படம் எடுத்துப் போட்டால் போதும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன்.

புதூர் ஆசிரியை
அந்தச் சிரிப்பு யாருடையது, அதைப் போட யார் அனுமதித்தார்கள்? நாளை அதே பிள்ளை மேல்நிலைப் பள்ளிக்குப் போகும்போது, "இலவச நோட்டு வாங்கிய படம்" வகுப்பில் ஒவ்வொரு கைப்பேசியிலும் சுற்றும். குழந்தைகள் நலக் குழுவின் வழியாக வந்து காப்பகத்தில் இருக்கும் பிள்ளையாக இருந்தால் சட்டமே தடுக்கிறது: இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 74ஆவது பிரிவின்படி, அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

தெப்பக்குளத்தான்
இது காப்பகம் இல்லையே, அம்மா. மாலையில் வந்து படித்துவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள். பெற்றோரைக் கேட்டுக்கொண்டு போடுவதில் என்ன தவறு? முகமே தெரியாத படத்துக்கு எவர் பணம் தருவார்?

புதூர் ஆசிரியை
படிப்பகத்தை நம்பிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரால் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்ல முடியும்? எழுதிய பக்கத்தைப் படம் எடுங்கள், அடுக்கி வைத்த நோட்டுக் கட்டைப் படம் எடுங்கள், கடைக்காரர் கொடுத்த ரசீதைப் படம் எடுங்கள். மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஊர் ஊராக முகாம் நடத்தித்தான் வளர்ந்தது; அன்று யாரும் ரீல்ஸ் போடவில்லை.

தொழில்நுட்பன்
1976இல் ரீல்ஸ் இல்லை என்பது ஒரு வாதமா? எதையும் அளந்து பார்க்காமல் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவதுதான் இங்கே வழக்கம். ஆட் கிராண்ட்ஸ் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் உருப்படியான மறுப்பு வரவில்லை.

வைகைக்கரையான்
மறுப்பு மேலேயே இருக்கிறது. படிப்பகத்தார் இன்னொன்றைக் கவனிக்கவும்: பணம் வந்த அன்றே, கொடுத்தவரின் பெயரைச் சொல்லித் தனிச்செய்தியில் நன்றி எழுதுங்கள். அதற்கு அவர் பதில் போட்டால், புதிய எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். பிடிஎஃப் அறிக்கை ஆண்டுக்கு ஒன்று போதும். மாதச் செய்தியின் முதல் வரியில் வணக்கமும் வாழ்த்தும் வேண்டாம், எத்தனை நோட்டு தேவை, ஒன்று என்ன விலை என்பது இருக்கட்டும்.

மேலூர்ப் படிப்பகம்
முந்தைய செயலாளர் பழைய எண்ணிலிருந்து தொடர்பு அட்டையை அனுப்பிவிட்டார். பலருக்கு இப்போது இரண்டு டிக் வருகிறது, சிலர் விசாரித்தும் எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூர் அண்ணன் குடியுரிமை மாற்றிக்கொண்டவர் என்பதால் அதை நிறுத்திவைத்தோம். நோட்டுக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

தெப்பக்குளத்தான்
டிக் வந்தது சரி, பணம் வந்ததா?