பிர்னம் ஓக் மரத்தைக் காணச் செல்வது குறித்து

கேள்வி:
அன்பர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில், டே ஆற்றங்கரையில் நிற்கும் பிர்னம் ஓக் மரத்தைக் காண என் தாயாரை ஜூன் மாதம் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில், பிர்னம் காடு பெயர்ந்து டன்சினேன் குன்றுக்கு வரும்வரை ஸ்காட்லாந்து மன்னன் மக்பெத்துக்குத் தோல்வியில்லை என்று வரும் வாக்கை முப்பது ஆண்டுகள் வகுப்பில் விளக்கிய ஆசிரியை அவர். அந்த மன்னன் காலத்து மரம்தானா இது? முழங்கால் வலியுள்ளவரால் அங்கு நடந்து செல்ல இயலுமா?

பதில் 1:
வணக்கம். மக்பெத் 1040 முதல் 1057 வரை ஆண்டவர். மரத்தின் வயதோ சில நூற்றாண்டுகள்தாம். ஆகவே அது அவரைக் கண்டிருக்க இயலாது. நாடகம் எழுதப்பட்ட 1606ஆம் ஆண்டு வாக்கில் அது இளமரமாக நின்றிருக்கக்கூடும். பழைய காட்டில் எஞ்சியவற்றுள் ஒன்றாக இதைக் கருதுகிறார்கள் என்பதே என் மனத்தில் பெரிதாக நிற்கிறது. டன்கெல்டு–பிர்னம் ரயில் நிலையத்திலிருந்து ஊர் வழியாக ஆற்றங்கரைப் பாதைக்கு இறங்க வேண்டும், தொலைவு அதிகமில்லை. ஆயினும் மழைக்குப் பின் மண் வழுக்கும் என்பதால், அம்மாவுக்கு ஊன்றுகோலும் நல்ல பிடிப்புள்ள காலணியும் அவசியம்.

பதில் 2:
அம்மா அதிர்ச்சியடையாதிருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடிமரம் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம் வரை உள்ளே வெறும் பொந்து. தாழ்ந்த கிளைகள் மரத்தாலான முட்டுக்கால்களின்மேல் சாய்ந்து கிடக்கின்றன. முதன்முறை பார்த்தபோது மரம் சாகப்போகிறதென்றே கலங்கினேன். உண்மையில் நடுவிலுள்ள வைரம் உயிரற்ற கட்டை. நீரும் உணவும் ஓடுவது பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்குகளில்தான். ஆகவே உள்ளே அனைத்தும் மட்கிய பிறகும் மேலே தளிர் விடுகிறது. பொந்தின் விளிம்பில் பட்டை தடித்துச் சுருண்டு, பழைய காயத்தை மூட முயல்வதுபோல் புடைத்திருக்கும். அங்கே சற்று நின்று பாருங்கள். பொந்துக்குள் மட்டும் ஏறவேண்டாம். வேர்ப்பகுதியை மிதித்து மண் இறுகினால், வேர்களுக்குக் காற்றும் நீரும் கிட்டாமல் போகும்.

பதில் 3:
மேற்கண்டவற்றோடு ஒரு சிறு குறிப்பு. அருகிலேயே பேருருவான சிக்கமோர் மரமொன்று நிற்கிறது. வருவோர் சிலர் அதையே ஓக் என்றெண்ணிப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். சிக்கமோர் இலை விரித்த உள்ளங்கைபோல் ஐந்து மடலாக இருக்கும். ஓக் இலை நீண்டு, ஓரம் அலையலையாக வளைந்திருக்கும். முட்டுக்கால்களைக் கண்டால் ஐயமே வேண்டாம்.