பின்னேரத் தேத்தண்ணிதான் பெண்களின் நித்திரையைக் கெடுக்கிறதா?

சுன்னாகத்தான்: 45 தாண்டிய பெண்களுக்கு நித்திரை வராததற்குப் பின்னேரத் தேத்தண்ணிதான் காரணம் என்று நேற்று ஒருவர் எழுதினார். எல்லாரும் அவர்மேல் பாய்ந்தீர்கள். நான் அவர் பக்கம். எங்கள் அம்மாமார் 8 மணிக்குப் படுத்தால் விடியத்தான் எழும்பினார்கள். ஹோர்மோன் எல்லாம் குளிசை விற்கிறவர்களின் கதை.

கோண்டாவில் அக்கா: அம்மா சாமத்தில் எழும்பினாவா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்? நீங்கள் நல்ல நித்திரை. மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடம் முன்னமே ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹோர்மோன் ஏறி இறங்கத் தொடங்கும். நித்திரைக்குத் துணையான மற்றப் பெண் ஹோர்மோன் புரோஜெஸ்டரோனும் குறையும். சாமம் 2 மணிக்கு நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி, நைட்டி தொப்பலாக நனைந்து, அடுத்த நிமிடம் குளிரில் நடுங்குகிறது. இது தேத்தண்ணி செய்கிற வேலையா?

சுன்னாகத்தான்: தேத்தண்ணியில் இருக்கிற கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணித்தியாலம் வேண்டும். 6 மணிக்குக் குடித்தால் 11 மணிக்கும் பாதி உடம்பில் நிற்கும். மறுங்கள் பார்ப்போம்.

கோண்டாவில் அக்கா: அதை யார் மறுத்தது? காலையில் மட்டும் குடிக்கிறவைக்கும் வேர்க்கிறதே, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கைதடியான்: இரண்டு பேரும் போனை மறந்துவிட்டீர்கள். ரொறன்ரோவில் பிள்ளை வேலை முடிந்து கோடையில் மாலை 6 மணிக்கு எடுத்தால் இங்கே யாழ்ப்பாணத்தில் விடிய 3:30. தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு படுக்கிற தாய்க்கு நித்திரை எங்கே?

ரொறன்ரோ மகள்: எல்லாப் பழியும் எங்கள் தலையில்தான்! காசு அனுப்பும்போது மட்டும் நேரம் பார்ப்பதில்லை.

கைதடியான்: காசுக் கதையை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? யார் கேட்டது?

கோண்டாவில் அக்கா: சண்டையை வேறு இடத்தில் வையுங்கள். கவலையோடு படுத்தால் இரவில் இறங்க வேண்டிய கோட்டிசோல் என்கிற மன அழுத்த ஹோர்மோன் இறங்காது. நித்திரை குறைந்தால் அடுத்த நாள் கவலை கூடும், சீனி ஆசையும் கூடும். கழுத்தில் இருக்கிற தைரோயிட் சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும் இதே மாதிரித்தான் இருக்கும், அதனால் இரத்தம் சோதிக்க வேண்டும். 35 வயதிலிருந்து பெண்களைச் சோதித்துப் பார்க்கிற சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, போகிறவை எத்தனை பேர்? மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து இரத்தம் பட்டால் டாக்குத்தரிடம் போவதை ஒருநாளும் தள்ளிப் போடாதீர்கள்.

சுன்னாகத்தான்: கிளினிக் போனால் ஹோர்மோன் குளிசைதான் தருவார்கள். புற்றுநோய் பயத்தில் 2002 இல் அமெரிக்காவில் ஹோர்மோன் குளிசை ஆய்வு ஒன்றையே நிறுத்தினார்களே, தெரியாதா?

கோண்டாவில் அக்கா: அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. 50 வயதுக்காரிக்கு அதே கணக்கா? எல்லாருக்கும் குளிசை வேண்டும் என்று நான் எங்கே எழுதினேன், காட்டுங்கள். ஒருத்திக்கு ஒத்துவருமா என்று பார்ப்பது டாக்குத்தரின் வேலை. சுன்னாகத்தில் இருந்துகொண்டு நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம்.

சுன்னாகத்தான்: ஊரை இழுக்காதீர்கள். கஃபீனுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோண்டாவில் அக்கா: வேர்வைக்கு நீங்கள்தான் இன்னும் பதில் தரவில்லை.