மணலி கன்டெய்னர் யார்டில் பகலில் மட்டும் வயர்லெஸ் தாமதம்: அவசர உதவி தேவை

யார்டுக்காரன் (காலை 11.10)

அனைவருக்கும் வணக்கம். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டின் கணினிப் பணிகளைக் கவனித்து வருகிறேன். அலுவலகத்திலிருந்து வாயில் வரை வயர்லெஸ் இணைப்பு கம்பம் கம்பமாகச் செல்கிறது. இரவில் பிங், அதாவது ஒரு சிறு தகவல் போய்த் திரும்பும் நேரம், 8 மில்லி விநாடிதான். காலை பத்து மணிக்கு மேல் 400, 600, சில வேளைகளில் 900 வரை ஏறிவிடுகிறது. எடைமேடை மென்பொருள் பதிலுக்குக் காத்து நிற்பதால் லாரிகள் பொன்னேரி சாலை வரை வரிசையில் நிற்கின்றன. ரூட்டரை மாற்றியும், ஃபார்ம்வேரைப் புதுப்பித்தும் பயனில்லை. என்ன செய்வது என்று உடனே கூறுங்கள்.

தண்டையார்பேட்டை ரேடியோ (11.24)

நண்பரே, நீங்கள் எழுதியதை வைத்து எவராலும் உதவ முடியாது. கம்பத்துக்குக் கம்பம் சிக்னல் எத்தனை தாவல்களில் வாயிலை அடைகிறது? ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு ரேடியோவா, இரண்டா? எல்லாம் ஒரே சேனலிலா? கம்பங்களின் உயரம், இடைவெளி எவ்வளவு? எடைமேடையைத் தவிர அந்த இணைப்பில் வேறு என்னென்ன ஓடுகின்றன?

காசிமேட்டுக்காரர் (11.41)

தம்பி, முதலில் ஆன்டெனா கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் மீன்பிடித் துறைமுகப் பக்கத்தில் ஆறு மாதத்திலேயே அவை பச்சை பூத்துவிடும். உப்புக்காற்று கேபிளுக்குள் இறங்கினால் சிக்னல் குறைந்துகொண்டே போகும். புதிய கனெக்டர் போட்டு, நீர் புகாத ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். நான் பார்த்த பத்துப் பழுதுகளில் ஏழு இதனால்தான்.

ராயபுரம் வாசகன் (11.58)

சென்னைத் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் மேலிருக்கும் வானிலை ரேடாரை மறந்துவிடாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களில் கருவிகள் ரேடாரை உணர்ந்தால் அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. அதனால்தான் இந்தத் தடுமாற்றம் என்று நினைக்கிறேன்.

அலைமானி (12.20)

இருவருக்கும் அடிப்படையிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. துறைமுக ரேடார் எஸ் பேண்டில், அதாவது 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது சி பேண்ட் ரேடார். இந்தக் கருவி ஏதோவொன்றைத் தவறுதலாக ரேடார் என்று எண்ணினாலும், புதிய சேனலும் அந்த விதிக்கு உட்பட்டதானால், அதில் குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே ஒலிபரப்பத் தொடங்கும். அப்போது இணைப்பு முழுவதுமாக அறுபடுமே தவிர, பிங் 600 மில்லி விநாடியில் திரும்பி வராது. உப்பு அரித்த கனெக்டரோ இரவு எட்டு மணிக்குத் தானாகக் குணமாவதில்லை. கேள்வி கேட்டவரும் விவரங்களோடு வரப் பழகிக்கொள்ள வேண்டும்.

காசிமேட்டுக்காரர் (12.33)

அலைமானி ஐயா, நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அரித்த கனெக்டர் சிக்னலை விளிம்புக்குக் கொண்டுவந்து வைத்திருந்தால், பகல் நேரச் சுமை அதை எளிதாகக் கவிழ்த்துவிடும். கழற்றிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

யார்டுக்காரன் (1.05)

மன்னிக்கவும், இவையெல்லாம் தெரிந்தவைதானே என்று விட்டுவிட்டேன். நான்கு தாவல்கள், கம்பத்துக்கு ஒரு ரேடியோ, எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸில் ஒரே சேனல். கம்பங்கள் 12 மீட்டர் உயரம். இரண்டாம் கம்பத்துக்கும் மூன்றாம் கம்பத்துக்கும் இடையே சுமார் 600 மீட்டர்; மற்றவை அதைவிடக் குறைவு. வாயிலில் 12 கேமராக்கள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 4 மெகாபிட். அசைவு தெரிந்தால் மட்டும் அலுவலகத்தில் உள்ள பதிவுக் கருவிக்கு அனுப்பும்.

தண்டையார்பேட்டை ரேடியோ (1.32)

கேமராக்களைச் சொன்ன பிறகுதான் படம் தெளிவாகிறது. 12 கேமராக்களும் சேர்ந்து 48 மெகாபிட். உங்கள் கம்பங்கள் ஒன்றின் அலையை மற்றொன்று கேட்கும் தொலைவில் ஒரே சேனலில் இருப்பதால், ஒரு கம்பம் பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். ஒரே பேக்கெட், அதாவது ஒரே தகவல் துண்டு, நான்கு தாவலுக்கு நான்கு முறை காற்றில் ஏறுகிறது. ஆகவே 48 மெகாபிட் என்பது உண்மையில் 192 மெகாபிட் சுமை. கருவி 300 மெகாபிட் என்று காட்டினாலும் கைக்கு வருவது ஏறக்குறைய அதில் பாதிதான்.

இப்படிச் சுமை மிஞ்சும்போது பேக்கெட்டுகள் கருவியின் நினைவகத்தில் வரிசையில் நிற்கும். 1500 பைட் கொண்ட 1000 பேக்கெட்டுகள் நின்றால் அது 12 மெகாபிட். ஒரு தாவலின் வேகம் விநாடிக்கு 12 மெகாபிட்டுக்கு விழுந்திருந்தால், கடைசியில் சேரும் எடைமேடைப் பேக்கெட் ஒரு விநாடி காத்திருக்கும். நீங்கள் காணும் 900 மில்லி விநாடி அந்தக் காத்திருப்புதான் என்று நம்புகிறேன். தொலைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 600 மீட்டரைக் கடக்க அலைக்கு 2 மைக்ரோ விநாடி போதும். அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு கம்பத்துக்கும் தனித்தனியாகப் பிங் அனுப்பி, எந்தத் தாவலில் எண் தாவுகிறது என்று எழுதுங்கள்.

எண்ணூர் வலைஞன் (2.04)

பேக்கெட் செல்லும் வழியைத் தேர்ந்தெடுக்கும் ரூட்டிங் முறையை எவரும் கேட்கவில்லையே. தாவல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வழி தேர்ந்தால், நீளமான, இழப்பு மிகுந்த இணைப்புகளே அமையும். எம்ஐடி ஆய்வாளர்கள் 2003-இல் முன்வைத்த இடிஎக்ஸ் அளவீடு, ஒரு பேக்கெட்டை எத்தனை முறை அனுப்ப நேரும் என்பதைக் கணக்கிட்டு வழியைத் தேர்கிறது. கம்பங்களே தமக்குள் வழியைத் தேர்ந்துகொள்ளும் அவ்வகை மெஷ் மென்பொருளுக்கு மாறுங்கள்.

அலைமானி (2.15)

ஒரே கோட்டில் நிற்கும் கம்பங்களில் தேர்ந்தெடுக்க வேறு வழி எங்கே இருக்கிறது? மாற்றுப் பாதை இல்லாத இடத்தில் ரூட்டிங் முறை கூடுதல் பேக்கெட்டுகளைத்தான் சேர்க்கும்.

எண்ணூர் வலைஞன் (2.29)

இரண்டாம் கம்பம் நான்காம் கம்பத்தை நேராகக் கேட்குமானால் மாற்றுப் பாதை இருக்கத்தான் செய்கிறது. கேட்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: அவை ஒன்றையொன்று அறியாமல் ஒரே நேரத்தில் பேச, நடுவிலுள்ள மூன்றாம் கம்பத்தில் பேக்கெட்டுகள் மோதும். வைஃபையின் 802.11 முறையில் மோதிய பேக்கெட் மீண்டும் மீண்டும் அனுப்பப்படும். ஒவ்வொரு முறையும் காத்திருப்புச் சாளரம், அதாவது காத்திருக்கும் நேரத்தின் உச்ச வரம்பு, ஏறக்குறைய இரட்டித்து, 15 நேரக்கூறுகளிலிருந்து 1023 வரை வளரும். அனுப்புவதற்கு முன் அனுமதி கேட்கும் ஆர்டிஎஸ் வசதியையாவது இயக்கச் சொல்லுங்கள்.

அலைமானி (2.36)

ஆர்டிஎஸ் பற்றிச் சொன்னது சரி. அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். மெஷ் குறித்து என் கருத்தில் மாற்றமில்லை.

யார்டுக்காரன் (4.48)

பிங் பார்த்தேன். இரண்டாம் கம்பம் வரை 11 மில்லி விநாடி. மூன்றாம் கம்பத்தில் 520. சென்ற மாதத்திலிருந்து அவ்விரு கம்பங்களுக்கும் இடையே காலிக் கன்டெய்னர்களை ஐந்தடுக்காக வைக்கிறார்கள். பகல் முழுவதும் அடுக்கு ஏறி, மாலை லாரிகளில் ஏற்றியதும் குறையும். இது முக்கியமா?

தண்டையார்பேட்டை ரேடியோ (5.10)

மிக முக்கியம். சாதாரணக் கன்டெய்னரின் உயரம் 2.59 மீட்டர், ஐந்தடுக்கு ஏறக்குறைய 13 மீட்டர், உங்கள் கம்பத்தைவிட உயரம். நான்கடுக்கிலேயே தொல்லை தொடங்கிவிடும்: 600 மீட்டர் இடைவெளியில், நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி அலைக்குத் தேவையான வெளியின், அதாவது ஃப்ரெனல் மண்டலத்தின், ஆரம் சுமார் 2.9 மீட்டர், அதில் 60 விழுக்காடாவது, அதாவது 1.7 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். நான்கடுக்கு 10.4 மீட்டர் என்றால் மிஞ்சுவது 1.6 மீட்டர்தான். சிக்னல் விழ, ரேடியோ வேகத்தைக் குறைக்க, லாரிகள் ஓடும் அதே நேரத்தில் கேமராக்களும் அனுப்ப, எல்லாம் அந்த ஒரு தாவலில் வந்து குவிகின்றன.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதிவுக் கருவியை வாயிலிலேயே வைத்து, அலுவலகத்துக்குக் குறைந்த தரக் காட்சியை மட்டும் அனுப்புங்கள். பிறகு, கருவி ஏற்குமானால், 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்த எஃப்கியூ-கோடெல் வரிசை முறையை எல்லாக் கம்பங்களிலும் இயக்குங்கள். எடைமேடையின் சிறிய பேக்கெட்டுகள் கேமராவுக்குப் பின்னால் நிற்க வேண்டியிராது. நிர்வாகம் செலவுக்கு ஒப்பினால் இரண்டு, மூன்று கம்பங்களையும் 18 மீட்டருக்கு உயர்த்தி, கம்பத்துக்கு இரண்டு ரேடியோ வைத்து, அடுத்தடுத்த தாவல்களை வெவ்வேறு சேனல்களில் ஓட்டுங்கள்.

எண்ணூர் வலைஞன் (5.27)

சேனல்களைப் பிரித்தால், நான் சொன்ன மோதலும் பெரும்பாலும் நீங்கிவிடும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

காசிமேட்டுக்காரர் (5.40)

கம்பத்தில் ஏறும்போது கனெக்டரையும் பார்த்துவிடுங்கள், தம்பி.

யார்டுக்காரன் (மறுநாள் பகல் 12.15)

பதிவுக் கருவியை வாயிலுக்கு மாற்றினோம். இப்போது பிங் 30-லிருந்து 45. எடைமேடை தடையின்றி ஓடுகிறது. மூன்றாம் கம்பத்தின் கனெக்டர் ஒன்று உண்மையிலேயே பச்சை பூத்திருந்தது, மாற்றிவிட்டேன். கம்பத்தை உயர்த்துவது பற்றி நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை. அனைவருக்கும் நன்றி.

தண்டையார்பேட்டை ரேடியோ (12.31)

மகிழ்ச்சி. ஐந்தாம் அடுக்கு ஏறிய பிறகு, மாலை மூன்று மணி வாக்கில் எடுத்த பிங் எண்ணையும் எழுதுங்கள்.